அரைவாசி அண்ணை

அவருடைய பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதக் கை கூசுகிறது என்பது ஒன்று. அவருக்கு இரண்டு மகன்மார் இருக்கிறார்கள், எங்காவது இதை வாசிக்கக்கூடும் என்பது இன்னொன்று. அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? கனடாவில், ஸ்காபரோவில் நாங்கள் இருந்த கட்டடத்தில் எல்லோரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். முதுகுக்குப் பின்னால் அரைவாசி அண்ணை. அந்தப் பட்டத்தை வைத்தவள் நான்தான். வாய்க்கொழுப்பில் வைத்தது. அப்போது அதில் ஒரு கோபமும் இருக்கவில்லை.

மனிதர் எதையும் முழுதாக எடுக்க மாட்டார். தேத்தண்ணி கொடுத்தால் இன்னொரு கோப்பை கேட்பார். அரைவாசியை அதில் ஊற்றி என் பக்கம் தள்ளிவிட்டு மிச்சத்தைக் குடிப்பார். பிறந்தநாள் கேக் துண்டை நடுவில் பிளந்து, ஒரு பாதியைக் கடதாசியில் சுற்றித் தன்னோடு அறையில் இருந்தவருக்குக் கொண்டுபோவார். ஒரு பனிக்காலம் முழுக்க அந்த அறைக்காரரும் இவரும் ஒரே சோடி வின்ரர் சப்பாத்தைப் போட்டார்கள். இவருக்குப் பகல் வேலை, அவருக்கு இரவு வேலை. "ஆள் படுத்திருக்கேக்கை சப்பாத்து சும்மா ஏன் கிடக்க வேணும்?" என்று கேட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

சிரித்து முடிய முதல் அடுத்த வசனத்தைப் போடுவார். "அங்கை சனம் படுகிற பாட்டை நினைச்சால் முழுசு தொண்டைக்குள்ளை இறங்குதில்லை, பிள்ளை."

அங்கை என்றால் எங்கே என்று எங்கள் கட்டடத்தில் யாரும் கேட்கத் தேவையில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. போர்க்காலத் தடையால் யாழ்ப்பாணத்துக்கு மருந்து போகாத காலம். அவருடைய மனைவியும் மகன்மாரும் அங்கே இருந்தார்கள். என் அம்மா அங்கே இருந்தார். கடிதம் வர இரண்டு மாதம், மூன்று மாதம். வந்த கடிதத்தில் இன்னாருக்குச் செங்கமாரி, இன்னாருடைய பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது என்று இருக்கும். அதை வாசித்துவிட்டு, ஹீற்றர் சூட்டில், ஃபிரிட்ஜ் நிறையச் சாமானை வைத்துக்கொண்டு நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருவோம். அந்த நாட்களில் சாப்பிடுவதே ஏதோ களவு செய்வது மாதிரி இருக்கும்.

சனிக்கிழமை மத்தியானங்களில் அவர் ஒரு வெறும் ஐஸ்கிறீம் வாளியோடு மாடி மாடியாக வருவார். கதவு திறந்ததும் ஒரே கேள்விதான். "குளிசை ஏதும் மிச்சம் இருக்கே?"

தலையிடி மாத்திரையை நீட்டினால் முகம் சுளிப்பார். அது இங்கே கடையில் வாங்கலாம், வேண்டியவர்கள் வாங்கிப் பார்சலில் போடட்டும் என்பார். அவருக்கு வேண்டியது டொக்டர் எழுதித் தருகிற துண்டு இல்லாமல் கிடைக்காதது. கிருமிக்குக் கொடுக்கிற மருந்து, அன்ரிபயோட்டிக். யாருக்குத் தொண்டை நோ, யாருக்குப் பல் பிடுங்கினது, யாருடைய பிள்ளைக்குக் காதில் சீழ் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ தேடி வந்துவிடுவார்.

"காய்ச்சல் விட்டிட்டுதோ?"

"ஓம் அண்ணை, நேற்றே விட்டிட்டுது."

"அப்ப கிருமி செத்துப் போச்சு. செத்த கிருமிக்கு ஏன் மருந்து? மிச்சத்தைத் தாங்கோ. அங்கை ஒரு பிள்ளை எழும்பும்."

இதற்கு என்ன மறுமொழி சொல்வது? எங்களில் ஒருவருக்கும் மருந்துப் படிப்புக் கிடையாது. அவருக்கும் கிடையாது என்றுதான் நினைத்திருந்தோம். ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை பார்த்ததாகச் சொல்லியிருந்தார். இங்கே ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற வேலை. "எனக்கு உதைப் பற்றி ஒண்டும் தெரியாது பிள்ளை, சும்மா யோசிச்சுப் பாத்தால் விளங்கிறதைச் சொல்லுறன்" என்று ஒவ்வொரு தடவையும் முன்னுரை வைப்பார். அந்தப் பணிவுக்குத்தான் நாங்கள் மயங்கினோம். பெரிய ஆள் போல நின்று சொல்லியிருந்தால் என் வாய் சும்மா இருந்திருக்காது.

சேர்த்த குளிசைகளைச் சில வேளை எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தே பிரிப்பார். ஒரு வெள்ளைப் பிளேற்றில் கொட்டி, பட்டர் பூசுகிற கத்தியின் தட்டையான முனையால் ஐந்து ஐந்தாகத் தள்ளுவார். விரல் படாது. டக், டக், டக் என்று ஒரு பிளேற் ஒரு நிமிடத்தில் முடியும். கூட்டுறவுக் கடையில் என்ன எண்ணிப் பழகினாரோ என்று நான் பகிடி பண்ணினேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் கத்தியை விட்டுவிட்டுக் கையால் பிரித்தார்.

நாங்கள் அனுப்பியவை போய்ச் சேரவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். போய்ச் சேர்ந்தன. கொழும்புக்குப் போகிறவர்களின் சூட்கேசில் போய், அங்கிருந்து எப்படி எப்படியோ போயின. ஒருநாள் மறுமொழி வந்தது. அங்கே யாரோ ஒரு ஆசிரியர் கொப்பித் தாளில் எழுதியிருந்தார். அண்ணை அதை மேசையில் விரித்து எங்களுக்கு வாசித்துக் காட்டினார். "நீங்கள் அனுப்பிய மருந்துகள் கிடைத்தன. கேட்டு வந்த சனம் அதிகம். ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல் ஆளுக்கு ஐந்து ஐந்தாகப் பிரித்துக் கொடுத்தோம்." நான் அழுதேன். என் கணவரும் மூக்கை உறிஞ்சினார். இவர் மட்டும் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "அடுத்த பார்சல் மாசக் கடைசியிலை போகுது" என்றார்.

இனி என் மகள் சுபாவின் கதைக்கு வர வேண்டும். எட்டு வயது அவளுக்கு. பள்ளிக்கூடத்தில் கழிப்பறைக்குப் போக வெட்கப்பட்டு அடக்கி வைத்துக்கொண்டு வருகிற பிள்ளை. ஒருநாள் சலம் போக எரியுது என்று அழுதாள். டொக்டர் சோதித்துவிட்டுச் சலத்தில் கிருமி என்றார். சின்னப் பிள்ளைதானே, பாணி மருந்து எழுதட்டுமா, குளிசையா என்று கேட்டார். குளிசை என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் தெரியுமா? பாணி மருந்து பார்சலில் போகாது. ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், போத்தல் உடையும். அதை எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். கட்டடத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் குளிசை விழுங்கப் பழக்கியவரும் அவர்தான். சுபாவை மடியில் இருத்தி, வாழைப்பழத் துண்டுக்குள் ஒரு சின்ன மிட்டாயை ஒளித்து, "எங்கை, மகாராணி விழுங்குவா, ஆ காட்டுங்கோ" என்று விளையாட்டாகப் பழக்கினார். அவள் விழுங்கினதும் கைதட்டினார். நானும் கைதட்டினேன்! என் பிள்ளை மற்றப் பிள்ளைகளை விடக் கெட்டிக்காரி என்று புளுகித் திரிந்தேன்.

பத்து நாள் மருந்து. மூன்றாம் நாள் எரிவு நின்றது. ஐந்தாம் நாள் அவர் வந்தார். போத்தலில் பத்து நாளும் குடிக்கச் சொல்லி ஒட்டியிருந்தது. நான் அதை அவருக்குக் காட்டத்தான் செய்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார். "இவங்கள் இப்பிடித்தான் எழுதுவாங்கள். வசதியான நாடு" என்றார். பிள்ளை அந்தப் பக்கம் குதித்துக்கொண்டு திரிந்தாள். மிச்சக் குளிசையை வாளிக்குள் கொட்டினேன். பெரிய புண்ணியம் செய்த மாதிரி ஒரு திருப்தி.

ஆறு வாரத்தில் எரிவு திரும்பி வந்தது. டொக்டர் வேறு மருந்து எழுதினார். அதிலும் அரைவாசி வாளிக்குள் போனது. இந்தத் தடவை எனக்கு மனம் இடித்தது. "இஞ்சருங்கோ, உது சரியோ? திரும்பி வந்ததெல்லே?" என்று கணவரிடம் கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து தலை நிமிராமல், "அங்கை பிள்ளையளுக்கு ஒரு குளிசைக்கு வழியில்லை, நீர் இங்கை கணக்குப் பாக்கிறீரோ" என்றார். அந்த வசனத்துக்கு முன்னால் அந்தக் காலத்தில் யார்தான் வாயைத் திறந்தோம்?

மூன்றாம் தடவை எரிவோடு நிற்கவில்லை. நடுக்கம், வாந்தி, முதுகின் இடப்பக்கம் தொட விடமாட்டேன் என்கிறாள். உடம்பு அடுப்பு மாதிரிக் கொதித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கிருமி சலப்பையிலிருந்து சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டதாம். ஊசியில் மருந்து ஏற்றினார்கள். இரண்டு நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. மூன்றாம் நாள் பரிசோதனைக்கூடத்து முடிவு வந்தது: முன்பு கொடுத்த இரண்டு மருந்துக்கும் இந்தக் கிருமி சாகாது, இப்போது ஏற்றுகிற மருந்துக்கும் சாகாது. அன்றைக்கே அவளைத் தனி அறைக்கு மாற்றினார்கள். கதவில் ஒரு அறிவித்தல். தாதிமார் கையுறை போட்டுக்கொண்டுதான் தொட்டார்கள். "அம்மா, நான் ஊத்தையோ? ஏன் அவை என்னைக் கிளவ்ஸ் போட்டுத் தொடுகினம்?" என்று பிள்ளை கேட்டாள்.

பெண் டொக்டர் ஒருவர் எங்களை இருத்திக் கேட்டார். "முந்திய இரண்டு தடவையும் மருந்து முழுக்கக் கொடுத்தீர்களா?"

"யெஸ்," என்றேன். "ஓல் மெடிசின்."

என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அகதிக் கேஸ் முடியாத காலம். எந்தக் கேள்விக்கும் முதலில் வருவது பயம்தான்.

அந்த டொக்டர் பொறுமைசாலி. ஒரு தாளில் வட்டம் வட்டமாகக் கீறி விளங்கப்படுத்தினார். சலக்கடுப்புக் கிருமி எங்கிருந்தோ பறந்து வருவதில்லையாம். அநேகமாகப் பிள்ளையின் குடலிலேயே குடியிருப்பதுதான் வழி மாறிப் போகிறது. எங்கள் எல்லோருடைய குடலிலும் கோடிக்கணக்கில் கிருமிகள் இருக்கின்றனவாம், பெரும்பாலும் எங்களுக்கு உதவி செய்பவை. குடிக்கிற அன்ரிபயோட்டிக் சலப்பைக்கு மட்டும் போவதில்லை, குடலுக்குள்ளும் போகிறது. அங்கே நோஞ்சான்கள் சாகும். மருந்தைத் தாங்குகிறவை மிஞ்சி, செத்தவற்றின் இடத்தையும் சேர்த்துப் பிடிக்கும். போதாக்குறைக்கு, தாங்குகிற அந்த வித்தையைப் பக்கத்தில் இருக்கிற வேறு இனக் கிருமிகளுக்கும் கைமாற்றிக் கொடுக்குமாம். ஒரு தடவையில் நோயை முடித்திருந்தால் மருந்தும் ஒரு தடவையோடு நின்றிருக்கும். முடியாதபடியால் நோய் திரும்பியது. நோய் திரும்பியபடியால் மருந்து திரும்பியது. ஒவ்வொரு தடவையும் குடலுக்குள் ஒரு களையெடுப்பு, களை மட்டும் மிஞ்சுகிற களையெடுப்பு.

எத்தனை நாள் குடிக்க வேண்டும் என்பதில் இந்தக் காலத்தில் டொக்டர்மாரே தங்களுக்குள் பிடுங்குப்படுகிறார்களாம். எந்த நோய்க்கு எத்தனை நாளோ, அதை அவர்கள் பேசித் தீர்க்கட்டும். என் பிள்ளைக்கு அந்த ஐந்து நாள் போதவில்லை.

அடுத்த நாள் நானாகப் போய் அந்த டொக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அரைவாசிதான் கொடுத்தோம், மிச்சத்தை ஊருக்கு அனுப்பினோம் என்றேன். ஊரில் யாருக்கு என்று கேட்டார். தெரியாது, ஆளுக்கு ஐந்து ஐந்தாகக் கொடுத்தார்கள் என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பிடரியில் அடித்தது. ஆளுக்கு ஐந்து! நான் அழுது அழுது கேட்ட கடிதம். அங்கேயும் ஒரு பிள்ளைக்கும் முழுதாகப் போகவில்லை. இங்கே அரைவாசி, அங்கே அரைவாசி. டொக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். கோப்பில் எழுதிக்கொண்டு போனார்.

புது மருந்து வேலை செய்தது. பதினான்கு நாள் ஊசியில் ஏற்றினார்கள். பிள்ளை பிழைத்தாள். ஆனால் இடது சிறுநீரகத்தில் தழும்பு விழுந்துவிட்டது, அது இனி மற்றது மாதிரி வளராது என்று படத்தைக் காட்டிச் சொன்னார்கள். அவள் வீட்டுக்கு வர முதலே எனக்கும் சலக்கடுப்பு வந்தது. அதே கிருமி, அதே மருந்துகளுக்குச் சாகாதது. நான் அந்த மருந்தில் ஒரு குளிசைகூட வாயில் வைத்தவள் இல்லை. ஒரே கழிப்பறை, ஒரே குசினி, ஒரே துவாய். வீட்டுக்குள் ஒருவர் வயிற்றிலிருந்து மற்றவர் வயிற்றுக்கு இப்படிப் போய்விடும் என்றார்கள். எங்கள் கட்டடத்தில் அந்த வாளிக்குள் குளிசை கொட்டிய வீடுகளை நினைத்துப் பார்த்தேன். எத்தனை வயிற்றில் அது குடியேறியதோ, யார் கண்டது.

இவ்வளவு நடந்தும் எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. நம்புங்கள். பாவம், தெரியாத மனிதர், நல்ல மனத்தோடு செய்தார், எங்களைப் போல அவரும் ஒரு மோடன் என்றுதான் நினைத்தேன். பிழை என்னுடையது, பெற்றவள் நான்தானே படித்துப் பார்த்திருக்க வேண்டும் என்று என்னையே தின்றுகொண்டிருந்தேன். சுபா வீட்டுக்கு வந்த பிறகு போய்ச் சொல்ல வேண்டும், அண்ணை, இனி யாரிடமும் அரைவாசி வாங்காதேங்கோ, எங்களுக்குத் தெரியாமல் போச்சு என்று.

சுபா வீட்டுக்கு வந்த வாரம் கீழே துணி தோய்க்கிற அறையில் இருந்தேன். மூன்றாம் மாடியில் இருக்கிற மகனிடம் ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு அன்ரியும் இருந்தா. அண்ணை துணிக் கூடையோடு கதவைத் திறந்தார். அன்ரியைக் கண்டார். கூடையோடு அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

அன்ரி கதிரையை விட்டு எழும்பிவிட்டா. "ஐயோ, உவர் எங்கடை ஆஸ்பத்திரியிலை மருந்து குடுத்த ஐயாவெல்லே! என்னைக் கண்டும் காணாத மாதிரிப் போறார்."

"இல்லை அன்ரி, ஆள் மாறிப் போச்சு. இவர் கூட்டுறவுச் சங்கக் கடையிலை வேலை செய்தவர்."

"ஆர் சொன்னது? எனக்கென்ன கண் தெரியாதோ? வருசக் கணக்காய் அந்த யன்னலுக்குள்ளை இருந்து மருந்து குடுத்தவர். கத்தியாலை தட்டித் தட்டிக் குளிசை எண்ணுவார், பாத்துக்கொண்டு நிக்கலாம். ஆனால் பொல்லாத மனுசன், பிள்ளை. ஒரு குளிசை மிச்சம் வைச்சமெண்டு அறிஞ்சால் எங்கடை சீவன் போயிடும்."

மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. "என்ன சொல்லுவார்?" என்று கேட்டேன்.

"எங்கடை மூத்தவனுக்குக் காய்ச்சல் விட்டவுடனை நான் மருந்தை நிப்பாட்டிப் போட்டன். திரும்பவும் காய்ச்சல். கூட்டிக்கொண்டு போனால், கியூவிலை நிண்ட சனம் முழுக்கக் கேக்கப் பேசினார். 'விசரி, குறை உயிரிலை விட்ட கிருமி பாடம் படிச்சுக்கொண்டெல்லே திரும்பி வரும், காய்ச்சல் விட்டால் போலை கிருமி செத்துப் போச்சோ' எண்டு. கடைசிக் குளிசையைத் தனக்கு முன்னாலை விழுங்கப் பண்ணித்தான் விட்டவர்."

அட கோதாரி! தெரிந்திருக்கிறது. வருடக் கணக்காக ஊருக்கே அதைச் சொல்லிப் பேசிய வாய், இங்கே வந்து என் வீட்டுக் கதவில் நின்று அதை அப்படியே தலைகீழாகச் சொல்லியிருக்கிறது. அதைத் தெரியாமல் சொன்னவர் என்று நான் அவருக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். தோய்த்த துணி மெஷினுக்குள்ளேயே கிடந்தது. எலிவேற்றருக்குக் காத்திருக்க முடியாமல் படியில் ஏறினேன்.

அவருடைய அறையில் நடந்ததை எழுத முதல் பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் மாடி மாடியாகப் போய்க் கதவு தட்டிச் சொன்னேன்: மருந்தை முழுக்கக் குடியுங்கோ, அரைவாசி கொடுக்காதேங்கோ, என் பிள்ளையைப் பாருங்கோ. சிலர் கேட்டார்கள். இரண்டு வீட்டில் என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். ஊர்ச் சனம் சாகட்டும் என்று நிற்கிறாள், ஒரு பிள்ளைக்கு வருத்தம் வந்ததற்கு ஊரையே விற்றுவிட்டாள் என்று பேசினார்கள். கோயிலில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் என்னைக் கண்டதும் மற்றப் பக்கத்தால் போனா. என்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதவர் அவர் ஒருவர்தான். சனிக்கிழமைகளில் வாளியோடு போய்க்கொண்டேயிருந்தார். எங்கள் கதவை மட்டும் தட்டவில்லை. அடுத்த வருடம் வேறு எங்கோ வீடு மாறிப் போனார், நான் போய் விசாரிக்கவில்லை.

அன்றைக்கு அவருடைய கதவு பூட்டியிருக்கவில்லை. அறைக்காரர் வேலைக்குப் போயிருந்தார். இவர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பார்சலுக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்குவதைப் பார்த்தார். "இரும், பிள்ளை" என்றார். நான் இருக்கவில்லை.

"நீங்கள் ஆஸ்பத்திரியிலை மருந்து குடுத்தனீங்களோ?"

ஊசியைத் துணியில் குத்திவிட்டு நிமிர்ந்தார். "ஓம். பதினெட்டு வருசம்."

"முழுக்கக் குடிக்க வேணும் எண்டு தெரியுமோ?"

"தெரியும்."

"பிறகேன் எனக்கு அப்பிடிச் சொன்னனீங்கள்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். நேரத்தைக் கடத்த யோசித்ததாக எனக்குத் தோன்றவில்லை. சரியாகச் சொல்ல வேண்டும் என்று யோசித்தார். "உமக்கு இங்கை ஒரு மருந்து பிழைச்சால் ரெண்டாவது இருக்கு. ரெண்டாவது பிழைச்சால் மூண்டாவது. ஆஸ்பத்திரி இருக்கு, ஊசி இருக்கு. அங்கை முதலாவதே இல்லை. ஆரோ ஒராளிட்டை எடுத்துத்தான் குடுக்க வேண்டியிருந்தது."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே! இன்னது நடக்கும், தெரிஞ்சு தா எண்டு கேட்டிருக்கலாமே!"

"கேட்டால் தந்திருப்பீரோ?"

"என்ரையைக் கேட்டிருந்தால் தந்திருப்பன். ரெண்டு கையாலையும் தந்திருப்பன். என்ரை பிள்ளையின்ரையை ஏன் எடுத்தனீங்கள்?"

அவர் துணியை மடித்தார், விரித்தார்.

"ஆளுக்கு அஞ்சு எண்டு எழுதி வந்ததே. அந்த அஞ்சும் காணாது எண்டும் உங்களுக்குத் தெரியுமே?"

"தெரியும்" என்றார். "வெறுங்கையோடை அனுப்பிறதை விட..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார். பிறகு இருமினார். ஆழத்திலிருந்து வருகிற இருமல். அப்போதுதான் பார்த்தேன், முகம் வாடி, கழுத்தில் சால்வை சுற்றியிருந்தார். சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு எழும்பி, யன்னல் தட்டிலிருந்து ஒரு மருந்துப் போத்தலை எடுத்தார். அதில் அவருடைய பெயர் ஒட்டியிருந்தது. மூடியைத் திறந்து கவிழ்த்தார். ஒரே ஒரு குளிசை விழுந்தது. தண்ணீரோடு அதை விழுங்கினார்.

"உதென்ன?" என்று கேட்டேன்.

"நெஞ்சுச் சளி. டொக்டர் பத்து நாளைக்குத் தந்தவர்."

"இது எத்தினையாவது நாள்?"

"இண்டையோடை முடியுது."

"அப்ப உங்கடையிலை அரைவாசி அனுப்பேல்லையோ?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமோ வெட்கமோ இருக்கவில்லை. விளங்காத பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர் போலச் சொன்னார். "அதெப்பிடிப் பிள்ளை? நான் படுத்திட்டால் ஆர் அனுப்பிறது?"

சுபா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்பார் என்று கதவடியில் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் ஊசியைத் துணியிலிருந்து உருவி, விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கினார்.